வந்துவிட்டது என்னும் சொல்

எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும். திங்கட்கிழமைகளில் தினமலரோடு 'கம்ப்யூட்டர் மலர்' வரும். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலையில் ஏறிப்போய் முடிந்த பிறகு, அய்யா திண்ணையில் அமர்ந்து அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் கணினி இல்லாத காலத்திலேயே தொடங்கிய வழக்கம் இது. ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய 'ஏன், எதற்கு, எப்படி?' அவருக்கு ஏற்படுத்திய பசி அது என்று நினைக்கிறோம். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது தமிழில் சொன்னால் அய்யா கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்.

ஒவ்வொரு செய்தியையும் படித்து முடித்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது இங்க எப்பப்பா வரும்?"

'இங்க' என்றால் லோயர் கேம்ப். ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில், கூடலூரைத் தாண்டி, குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, நான்கு பெருங்குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு வைகைக்குப் போகிறது. மலை மறைப்பதால் கைபேசிக்கு அலை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சில வேளைகளில் மேலேயுள்ள கேரளத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நின்றபடியே வெளிமாநிலம் போய்வந்த கணக்கில் காசு குறைந்த காலமும் இருந்தது.

அய்யாவின் கேள்விக்கு நாங்கள் ஒருபோதும் உருப்படியான விடை சொன்னதில்லை. "வந்துருச்சுன்னுதானே போட்டிருக்கான்" என்போம். அவர் மறுபடி தாளைப் பார்ப்பார். வந்துவிட்டது என்றுதான் போட்டிருக்கும்.

*

மாணவர்களுக்கு நன்னூல் நடத்தும்போது கால வழுவமைதி என்ற பகுதி வரும். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றும் தத்தம் இடம் மாறி வருவது வழு. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களால் மாறி வந்தால் அதைக் குற்றமென்று கொள்ளாமல் அமைத்துக்கொள்ளலாம் என்கிறார் பவணந்தியார். அவருக்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பியமும் வினையியலில் இதைப் பேசியிருக்கிறது. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. சோற்றில் இன்னும் கை வைக்காதவன், வாசலில் நின்று அழைக்கும் தோழனிடம் 'உண்டேன், வந்தேன்' என்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் 'மழை பெய்தது' என்று சொல்லிவிடுவது தெளிவு. கள்வர் நிறைந்த காட்டுக்குள் ஒருவன் போனால், இன்னும் ஒன்றும் நடவாதபோதே 'துணியைப் பறிகொடுத்தான்' என்பது மிகுதி.

ஒருநாள் வகுப்பில் இதற்கு இக்கால எடுத்துக்காட்டுத் தேடியபோதுதான் வாராந்தரக் கருவிச் செய்திகள் நினைவுக்கு வந்தன. அவை முழுவதும் கால வழுவமைதியால் ஆனவை. நடக்கப் போகும் ஒன்றை நடந்துவிட்டதாகச் சொல்வதே அவற்றின் இலக்கணம். எனவே அவற்றைப் படிக்க வேண்டிய முறையும் இலக்கண முறைதான்: இந்த 'வந்துவிட்டது' எந்தக் காரணத்தால் வந்தது?

2011 அக்டோபர் 5ஆம் நாள் தில்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட 'ஆகாஷ்' கைக்கணினியை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே மலிவான கைக்கணினி மாணவர் கைக்கு வந்துவிட்டது என்று எல்லா இதழ்களும் எழுதின. அரசே சொல்கிறது என்பதால் எழுந்த தெளிவு. எறும்பு மேட்டில் ஏறியது உண்மை. ஆனால் அந்த முதற்கருவி மெதுவானது, தொடுதிரை சரியாக இயங்குவதில்லை என்ற குறைகள் எழுந்து, அடுத்த ஆண்டே இரண்டாம் வடிவத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. மழை தூறலோடு நின்றுவிட்டது.

2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஒரு கைபேசி என்ற அறிவிப்பு வந்தது. பெயர் 'ஃப்ரீடம் 251'. எங்கள் மாணவர்களிலேயே சிலர் இணையத்தில் பதிவுசெய்ய முயன்று பக்கம் திறக்காமல் சோர்ந்தார்கள். அய்யா கணக்குப்பிள்ளையின் குரலில் சொன்னார்: "டப்பாவுக்கும் சார்ஜருக்குமே அந்தக் காசு ஆகுமேப்பா." இது மூன்றாம் வகை. கள்வர் காடு என்று தெரிந்தவன், போகிறவனைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம்.

விரைவுக்குச் சான்று 2019. அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சாம்சங் நிறுவனம் மடிக்கத்தக்க திரையுடைய 'கேலக்ஸி ஃபோல்ட்' கைபேசியை அறிவித்தது. ஏப்ரல் 26 விற்பனை என்றார்கள். ஆய்வு எழுதுவோருக்கு முன்கூட்டிக் கொடுத்த சில கருவிகளில் திரை பழுதாகவே விற்பனையைத் தள்ளி வைத்தார்கள். செப்டம்பரில்தான் கடைக்கு வந்தது. அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1,64,999 ரூபாய். இலையில் சோறு இருக்கும்போதே 'உண்டேன்' என்று எழுந்துவிட்டார்கள்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறோம். செய்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அந்த எண்ணம்தான் எங்களைக் கெடுத்தது.

*

2016க்குப் பிறகு அய்யாவுக்குக் காது மெல்ல மெல்ல மங்கியது. முதுமையில் வருவதுதான். மதுரையில் கருவி வாங்கிப் பொருத்தினோம். பேச்சைப் பெரிதாக்கிய அளவுக்கே பாத்திர ஓசையையும் ஜீப்பின் உறுமலையும் அது பெரிதாக்கியது. சில மாதங்களில் கருவி மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அதன் பிறகு அவர் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். அம்மாவின் உதடுகளை நன்றாகவே படித்தார். ஐம்பது ஆண்டுப் பயிற்சி இருந்தது.

2020இல் கொரோனா வந்து எல்லோர் வாயையும் முகக்கவசம் மூடியது. அவருடைய வயதையும் நெஞ்சுச் சளியையும் எண்ணி வீட்டுக்குள்ளும் நாங்கள் அதைக் கழற்றவில்லை. நோய் அண்டக் கூடாது என்று செய்தது, அவரைப் பேச்சிலிருந்து முற்றாக வெளியேற்றிவிட்டது. அப்போதும் அவர் திண்ணையில் அமர்ந்து, கையில் கிடைத்த இதழிலிருந்து கருவிச் செய்திகளை உரக்க வாசித்தார். "இது இங்க எப்பப்பா வரும்?" என்று கேட்டார். நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. சிறிது நேரம் எங்கள் கண்களைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்.

2021இன் பிற்பகுதியில் சான்றிதழ் ஒன்றில் கையொப்பம் வாங்க ஒரு மாணவர் வீட்டுக்கு வந்தார். அய்யாவிடம் நாங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுவதைக் கண்டு, "ஐயா, ஃபோன்லயே எழுதிக் காட்டுமே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவருடைய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேளாது. தம்பி படிக்கும் பள்ளியில் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்களாம். எங்கள் கைபேசியை வாங்கி, 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்ற செயலியை இறக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, அய்யாவின் முன் நீட்டினார். "தாத்தா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கேள்வி திரையில் எழுத்தாக வந்தது. அய்யா அதைப் படித்துவிட்டு மாணவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இருக்கேன்யா" என்றார். அதையும் அது எழுதியது.

அன்றிரவு அந்தச் செயலி எப்போது வந்தது என்று தேடினோம். 2019 பிப்ரவரி 4. கூகுள் நிறுவனமும், காது கேளாதோருக்கென வாஷிங்டனில் இயங்கும் கல்லாடெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் திமித்ரி கனேவ்ஸ்கி என்ற ஆய்வாளர், குழந்தைப் பருவத்திலேயே செவித்திறன் இழந்தவர். எழுபதுக்கு மேற்பட்ட மொழிகள் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். எல்லாம் மடிக்கும் கைபேசியின் அதே பிப்ரவரியில். ஒன்றே முக்கால் இலட்சத்தை நெருங்கும் கைபேசியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துச் சிரித்த நாங்கள், விலையே இல்லாத இதைக் காணவில்லை. எங்கோ ஒரு மூலையில் சிறு செய்தியாக வந்திருக்கும். அதற்குப் படமும் இருந்திருக்காது. ஏறக்குறைய மூன்றாண்டுகள், அதில் முகக்கவச ஆண்டு முழுவதும், அது எங்கள் சட்டைப் பைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

பொய்யாக 'வந்துவிட்டது' என்றவற்றைப் பிடிப்பதிலேயே கெட்டிக்காரர்களாக இருந்துவிட்டோம். உண்மையிலேயே வந்ததை விசாரிக்கவில்லை. அய்யா கேட்ட கேள்வியில் மூன்று சொற்கள் முக்கியமானவை: இது, இங்க, எப்ப. நாங்கள் 'எப்ப' என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தோம். இந்த வீட்டில் யாருக்கு என்ன குறை, அதைத் தீர்க்க எங்கேனும் ஏதேனும் செய்திருக்கிறார்களா என்று 'இங்க'விலிருந்து தொடங்கியிருந்தால் ஒரே வாரத்தில் கண்டிருப்போம். மாணவரின் தம்பி எந்த இணைப்பிதழையும் படித்து அதை அறியவில்லை. தேவை அவனிடம் கொண்டு சேர்த்தது.

*

அதன் பிறகு எங்கள் வீட்டுப் பேச்சே மாறிப்போயிற்று. நாம் பேசும் ஒலி இணையத்தின் வழியே எங்கோ உள்ள பெருங்கணினிக்குப் போகிறது. அது ஏற்கெனவே கேட்டுப் பழகிய எண்ணற்ற பேச்சுகளோடு ஒப்பிட்டு, இன்ன சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்து எழுத்தாக அனுப்புகிறது. ஆகவே அலை வேண்டும். கிழக்குச் சன்னல் திட்டில்தான் அலை நிற்கும் என்பதால் கைபேசியும் அய்யாவின் நாற்காலியும் அங்கே இடம்பெயர்ந்தன. கம்பம் பக்கத்துப் பேச்சு அந்த இயந்திரத்துக்குச் சரியாகப் பிடிபடவில்லை. 'வந்துட்டாய்ங்க' என்றால் திணறியது. அம்மா வேறு வழியின்றி வானொலிச் செய்தி போலப் பேசப் பழகினார்: "சாப்பாடு தயாராக இருக்கிறது, வருகிறீர்களா?" தமிழ் முதுகலை படித்தது வீட்டுக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

லகர ளகர ழகரத்தில் அது தடுமாறும். 'மலையில் மழை' என்றால் ஒருநாள் 'மழையில் மழை' என்று எழுதியது. அய்யா நெடுநேரம் சிரித்தார். பேரேட்டில் பிழை கண்டவர்போல விரலால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு நாள் தணிந்த குரலில் கேட்டார்: "நாம வீட்டுக்குள்ள பேசுறது எங்கயோ போயி எழுதிக்கிட்டு வருதே, அங்க யாரும் வச்சுக்க மாட்டாய்ங்களா?" எந்தக் கருவிச் செய்தியைப் படித்தாலும் இப்போது நாங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறோம்.

ஒரு மாலை, குழாய்கள் இறங்கும் மலைச்சரிவைச் சன்னலில் பார்த்தபடி அய்யா சொன்ன கணக்கு மறக்கவில்லை. பென்னிகுயிக்கின் அணை 1895இல் திறந்தது. அந்த நீரிலிருந்து மின்சாரம் எடுத்தது 1958இல். இடையில் அறுபத்து மூன்று ஆண்டுகள். "தண்ணி அப்பவே வந்துருச்சு, வெளிச்சம் அறுவது வருசம் கழிச்சுத்தான் வந்துச்சு. நமக்கு மூணு வருசம்தானே" என்றார். எங்களைத் தேற்றச் சொன்னது என்று தெரிந்தது. தேறினோம் என்று சொல்ல முடியாது.

பத்து மாதங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். 2022இல் அய்யா காலமானார்.

இப்போது வாரச் செய்திகள் பெரும்பாலும் யூடியூபில்தான் வருகின்றன. பார்க்கிறோம். கல்லூரியில் காது கேளாத மாணவர் ஒருவர் இருக்கிறார். வகுப்பு தொடங்குமுன் அவருடைய கைபேசியை மேசைமேல் வாங்கி வைத்துக்கொள்கிறோம். கால வழுவமைதி நடத்தும்போது, முன்பெல்லாம் விரைந்து கடந்துவிடும் நான்காம் காரணத்தை இப்போது நிதானமாகச் சொல்கிறோம். முன்பு நடந்ததை எதிர்கால வினையால் சொல்வது இயல்பினால் அமையும். பண்டு விளையாடிய சோலையைக் காட்டி 'நாங்கள் அக்காலத்தில் விளையாடுவது இங்கே' என்பது உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு.

வீட்டுக்கு யாரேனும் வந்து சன்னலோர நாற்காலியில் உட்காரப் போனால் அம்மா சொல்வார்: "உக்காருங்க. அவுக அதுலதான் உக்காருவாக."