இருட்டிலும் முகம் தெளியும்

ஈப்போவுக்கு வருகிறீர்களா? கோலகங்சார் சாலையில் சில கல் தொலைவு போனால் பேராக் தோங் குகைக் கோயில் வரும். 1926-ஆம் ஆண்டில் உருவான இடம் இது. சுண்ணாம்பு மலைக்குள்ளே நாற்பது அடி உயரத்தில் புத்தர் அமர்ந்திருப்பார். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஊதுவத்திப் புகையும் மங்கிய விளக்கும். காமிராவை எடுத்துப் பாருங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும், படம் மட்டும் தெளியாது.

காமிராவைக் குறை சொல்லாதீர்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பைத் தேடித்தான் அது ஃபோகஸ் செய்கிறது. வெறும் இருட்டுச் சுவரில் அதற்குப் பிடிமானம் ஏது? ஆகவே நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்துகொண்டு, புத்தரின் மேனி பின்னணியிலிருந்து பிரிகிற கோட்டில் வையுங்கள். பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் நிற்கும். விரலை எடுக்காமல் காமிராவை மெல்லத் திருப்பி, வேண்டியபடி படத்தை அமைத்து முழுதும் அழுத்துங்கள். கைப்பேசியானால் அந்த இடத்தைத் தொட்டு, விரலைச் சற்று நேரம் எடுக்காமல் வைத்திருந்தால் போதும். ஆனால் நீங்கள் ஓர் அடி முன்னே நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

படம் கெட்டால் காரணத்தைப் பாருங்கள். எங்காவது ஓரிடம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்தது. அதற்குத் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். கும்பிடுகிறவர் முகத்தில் மட்டும் பிளாஷ் அடிக்க வேண்டாம்.

அடுத்து பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போங்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கியது. 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றது. கட்டுவதற்கு மதராஸிலிருந்து வந்த நம்மவர்களிடையே விஷக்காய்ச்சல் பரவியபோது, அவர்கள் கேட்டதற்கிணங்க அவர் மாரியம்மன் கோயில் எழுப்பினார். இருண்ட நிலவறைகளில் டார்ச் ஒன்று கையிலிருக்கட்டும். எதைப் படமெடுக்கிறீர்களோ அதன்மேல் அடித்து ஃபோகஸ் செய்து, கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு மாற்றி, டார்ச்சை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

இந்தப் பாடத்தை நான் காலம் தாழ்த்தித்தான் கற்றேன். பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியில்தான் என்பதால், எங்கள் தோட்டத்தில் அம்மா விடியுமுன்னே தலைவிளக்கோடு பால்வெட்டப் புறப்படுவார். ஒருநாள் லயத்து வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். கழுவி வந்தபோது பின்னாலிருந்த பலகைச் சுவரின் ஆணி ஒவ்வொன்றும் தெளிவு. அம்மாவின் முகம் மட்டும் மூட்டம். இன்று அந்த லயம் இல்லை, ரப்பர் மரம் நின்ற இடத்தில் வீட்டு மனைகள். அம்மாவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவை நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இன்று மாலை சாமி விளக்கருகே உட்காரச் சொல்லுங்கள். விளக்கில் அல்ல, வெளிச்சம் பட்ட பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பிறகு குகைக்குப் போகலாம். மலை எங்கும் போய்விடாது.