தெரிந்தே போட்ட கையெழுத்து

அம்பர்நாத் கிழக்கில் எங்களுக்கு இருந்த ஒன் ஆர்கே வீட்டை அப்பா விற்றபோது, என் நோய் தீராது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரியாது. விற்பனைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். எனக்கு வயது 28. இரைப்பையில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. பேனா பிடிக்கத் தெம்பு இருக்கும்போதே இதை எழுதிவிட நினைக்கிறேன்.

அந்த வீடு எப்படி வந்தது என்று சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் தாராவிக்கு வந்தவர். கொஞ்ச காலம் தோல் பட்டறையில் வேலை. நாற்றம் தாங்காமல் இட்லி வியாபாரத்துக்கு மாறினார். அம்மா விடியுமுன் எழுந்து அவித்துக் கொடுப்பாள்; அப்பா பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி மாதுங்கா வரை போய் விற்றுவிட்டு வருவார். மும்பைக்குள் வீடு வாங்க வக்கில்லாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ரயில் பாதையோடு கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் என்று தள்ளித் தள்ளிக் குடிபோனார்கள். நாங்களும் அப்படித்தான் இங்கே வந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மேடை. வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டாத முதல் வீடு அது.

நான் எம்ஐடிசி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-க்குப் பிடித்தம் நின்றது. கையில் கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இஎஸ்ஐ-யில் இருந்திருந்தால் புற்றுநோய் வந்த தொழிலாளிக்குக் கூலியில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. வேறு காப்பீடும் எடுக்கவில்லை. பைக்குக்குத் தவணை கட்டினேன். வயிற்று வலியை அல்சர் என்று நானே முடிவு செய்து மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றதும் அந்தக் காலத்தில்தான்.

புற்றுநோய் என்று தெரிந்ததும் நாங்கள் போன, பரேலில் உள்ள டாடா ஆஸ்பத்திரி எங்களைக் கடனில் தள்ளவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோயில் 1931-ல் இறந்த மனைவி மெஹர்பாயின் நினைவாக தோராப்ஜி டாடா கண்ட கனவு அது. அவரும் அடுத்த ஆண்டிலேயே போய்விட, அவர் பெயரிலான அறக்கட்டளை 1941-ல் திறந்தது. இன்று அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. பொதுப் பிரிவு அட்டை போட்டால் எங்களைப் போன்றவர்கள் தாங்கக்கூடிய கட்டணம்தான். ஆரஞ்சு ரேஷன் கார்டு இருந்ததால் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தில் கீமோ செலவு பெரும்பாலும் அடங்கியது. அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 லட்சமாக இருந்த வரம்பு இப்போது 5 லட்சம். லோக்கலில் ஊனமுற்றோர் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பதால் கூட்ட நேரத்திலும் உட்கார்ந்துதான் போனேன். வழக்கமான சிகிச்சையோடு நின்றிருந்தால் வீடு எங்களிடமே இருந்திருக்கும்.

ஸ்கேன் முடிவு பார்க்கப் போன அன்று அப்பா கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். நான் தனியாக உள்ளே போனேன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: முழுதாகக் குணமாக்க முடியாது, நாளை நீட்டலாம், வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு, “வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள்? கூப்பிடுங்கள்” என்றார். யாரும் வரவில்லை என்றேன். வலியைத் தணித்துப் பராமரிக்கும் பாலியேட்டிவ் பிரிவுக்குப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“என்னலே சொன்னாரு?” என்று அப்பா கேட்டார்.

“மருந்து மாத்தணுமாம்ப்பா. மாத்தினா சரியாயிருமாம். ஆனா அந்த மருந்து வெளியதான் கெடைக்கும்.”

அந்த இம்யூனோதெரபி மருந்தைப் பற்றி நான் போனில் படித்திருந்தேன். ஒரு தவணைக்கே லட்சத்துக்கு மேல் ஆகும். போன தனியார் ஆஸ்பத்திரியிலும் மறைக்கவில்லை. சிலருக்கு மட்டுமே கேட்கும், கேட்டாலும் நாள்தான் கூடும் என்றார்கள். அதையும் நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முதலில் சீட்டுப் பணம் போனது. பிறகு தங்கைக்குச் சேர்த்த பவுன். அவள் காலேஜ் பீஸ் கட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்தாள், அம்மாவோடு மாவாட்டினாள். கடைசியில் வீடு. அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது.

சாகப் பயம், அதனால் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதியைச் சொல்லக் கை கூசுகிறது. எனக்காக எதையும் விற்பார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அழுகை வரவில்லை; உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை பணம் கொட்டும் உயிர் எப்படிப் போகும் என்று நினைத்தேன்.

வலி மிகுந்த பிறகுதான் மடித்து வைத்த சீட்டோடு பாலியேட்டிவ் பிரிவுக்குப் போனேன். மார்ஃபின் கொடுத்தார்கள், தூங்கினேன். போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி, மார்ஃபினை நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கச் செய்ததே என்னைப் போன்றவர்களுக்காகத்தான் என்பது பிறகு தெரிந்தது. பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதன் என்று ஓர் இல்லம் 1986 முதல் இருக்கிறது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் அது. பணம் வாங்காமல் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள். வீடு விற்பதற்கு முன்பும் இதெல்லாம் இருந்தது. அந்தச் சீட்டைப் பிரிக்க எனக்கு மனமில்லாமல் இருந்தது.

வாடகை வீட்டுக்கு வந்த பிறகு ஓர் இரவு மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டாள். அப்பா வெகுநேரம் கழித்து, “தெரிஞ்சிருந்தாலும் வித்துதாம்ல இருப்பேன்” என்றார். தங்கைதான் அழுதாள். “எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லாண்ணே. நான் காலேஜுக்குப் போகாம மாவாட்டுறத தெனமும் பாத்துக்கிட்டுதான இருந்த?”

அப்பா சொன்னதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விற்றிருப்பார்தான். ஆனால் எதற்காக விற்கிறோம் என்று தெரிந்து விற்றிருப்பார். ஒருவேளை அம்மா தடுத்திருப்பாள், தங்கையின் பீஸையாவது ஒதுக்கியிருப்பாள். அதைப் பேசி முடிவெடுக்கும் உரிமை அவர்கள் மூன்று பேருக்கும் இருந்தது. அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நோய் அல்ல, நான்.

என் வயதில் இந்த நோயோடு இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிழைக்க ஆசைப்படுங்கள், மருந்து கேளுங்கள், அழுங்கள். ஆனால் அடுத்த முறை டாக்டர் அறைக்குள் தனியாகப் போகாதீர்கள். பணம் கட்டுகிறவரை மருந்து வரிசையிலிருந்து கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பிறகு டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.