மீண்டும் முன்பின் அறியாதவர்களாக

அக்டோபர் 25

1980இல் இதே நாளில்தான் இந்தித் திரைப்பாடலாசிரியர் சாஹிர் லுதியான்வி மறைந்தார். அவர் பாடல்களில் 1963இல் வந்த 'கும்ராஹ்' படப் பாட்டுதான் இன்று மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காதலித்த இருவரும் மறுபடி முன்பின் அறியாதவர்களாகிவிடலாம் என்று அழைக்கும் பாட்டு. இசை ரவி. பாடிய மகேந்திர கபூருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. உறவின் முடிவை ஏற்றுக்கொள்ளும் பாட்டு என்று இதைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்த ஏற்பு மனம் ஆறியதால் வந்ததல்ல. மனம் ஆறவில்லை, ஆறும்வரை காத்திருக்கவும் முடியாது, ஆகவே எப்படி நடந்துகொள்வது என்பதையாவது இப்போதே முடிவு செய்வோம் என்கிறது பாட்டு. காதலை விட்டுவிடு என்ற வேண்டுகோள் அதில் எங்கும் இல்லை. அவள் பரிவை இனி எதிர்பார்க்கமாட்டேன் என்று முதலில் காதலன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறான். தன் நெஞ்சின் தடுமாற்றம் பேச்சில் தெரியக்கூடாது, அவளுடைய போராட்டம் கண்ணில் தெரியக்கூடாது என்கிறான். மறைக்கச் சொல்வதாலேயே இரண்டும் இன்னும் உயிரோடிருப்பதை ஒப்புக்கொள்கிறான். படத்தின் சூழலும் அதைத்தான் கோருகிறது. இறந்துபோன அக்காளின் குழந்தைகளுக்காக அவள் கணவனையே மணந்தவள் மீனா. அந்தக் கணவன் வீட்டில், விருந்தினர் நடுவே, பியானோ முன்னால் உட்கார்ந்து அவளுடைய பழைய காதலன் ராஜேந்திரா பாடுகிறான். ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட முடிந்தவர்களுக்கு இந்தப் பாட்டு தேவைப்படாது. ஒரே கூடத்தில் நிற்க வேண்டியவர்களுக்குத்தான் தேவை.

அக்டோபர் 26

நேற்று எழுதியதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உண்மையிலேயே விலக நினைப்பவன் ஊர் கேட்கப் பாடுவானா? அவளைத் தவிக்கவிடும் பழிதானே இது? மீனாவாக நடித்த மாலா சின்ஹாவின் முகம் அந்தத் தவிப்பைக் காட்டுகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் பழி சொல்பவன் தன் பங்கைக் குறைத்துத்தான் சொல்வான். நடுச் சரணத்திலோ, அவளுக்கு ஒரு தயக்கம் என்றால் இவனுக்கும் ஒரு தடை, அவளைக் கடந்த காலத்தின் நிழல் தொடர்கிறது என்றால் இவனையும் பழைய அவப்பெயர் தொடர்கிறது என்று வரிக்கு வரி இருவருக்கும் சமமாகவே பங்கு போடுகிறார் சாஹிர். பாட்டின் நேர்மை அங்கே இருக்கிறது. பலரும் மேற்கோள் காட்டும் கடைசிச் சரணத்தைவிட இதுவே எனக்கு உயர்ந்தது. முடித்துவைக்க முடியாத கதையை அழகான ஓரிடத்தில் விட்டுவிடலாம் என்ற அந்தக் கடைசிச் சரணம் கேட்க இனிமையானது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் பொதுவாக்கு, இந்த இருவரின் வலி அதில் இல்லை.

அவள் ஒரு சொல்லும் பேசவில்லையே என்பது இன்னும் கடினமான கேள்வி. இருவர் செய்ய வேண்டிய உடன்பாட்டை ஒருவன் மட்டும் பாடுகிறான். அந்தக் குறையை நீக்கிவிட முடியாது. ஆனாலும் படம் அவளை நடத்தும் விதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். பி.ஆர். சோப்ரா இயக்கிய இந்தப் படத்தில் கணவன் தன் செயலாளரையே ராஜேந்திராவின் மனைவியாக நடிக்கவைத்து, மீனாவை மிரட்டச் செய்து சோதிக்கிறான். காதலன் அவளைச் சோதிக்கவில்லை. தனக்கும் சேர்த்தே விதி வகுத்து, அவள் சம்மதத்தைக் கேட்கிறான்.