அக்காவின் பரிசோதனைத் துண்டு

சதையி என்ற உறுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று 2022ஆம் ஆண்டு வரை எனக்குத் தெரியாது. கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் அந்த உறுப்பில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது, அது ஈரல்வரை பரவிவிட்டிருந்தது. வெட்டி எடுக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார் வைத்தியர்.

“மருந்து வேலை செய்யுதோ எண்டு என்னெண்டு தெரியும் டொக்டர்?” என்று அக்கா கேட்டார்.

ஸ்கானோடு ஓர் இரத்தப் பரிசோதனையும் உண்டு. பெயர் சீ.ஏ. 19-9. இந்தப் புற்றுநோய் உள்ள பலரின் இரத்தத்தில் கூடிக் காணப்படும் ஒரு பொருளின் அளவு அது. சாதாரணமாக 37இற்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு முதல் தடவை 640. இரண்டு மாதம் மருந்து ஏற்றிய பின் 210. அன்று பஸ்ஸுக்குள்ளேயே அந்தத் துண்டை நாலு தரம் விரித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சாமிப்படத்தின் கீழே வைத்தார்.

அடுத்த முறை 980.

நாங்கள் இடிந்து போனோம். “இனி ஏன் பிள்ளை காசைக் கரைக்கிறாய்? நான் கிளினிக்குக்கு வரேல்லை” என்று அக்கா படுத்துவிட்டார். பத்து நாள் அப்படியே போனது. பக்கத்து வீட்டு ரீச்சர்தான் அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, “மஞ்சளாயெல்லோ கிடக்கு” என்றார். ஓடினோம். கட்டி அழுத்திப் பித்தக்குழாய் அடைபட்டிருந்தது. அதற்குள் சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள். சில வாரங்களில் எண் 190இற்கு இறங்கியது.

பித்தம் அடைபட்டாலும் இந்த எண் ஏறும். அதை எங்களுக்கு முதலே யாரும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடம்பு இந்தப் பொருளை உண்டாக்குவதே இல்லை. அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் ஏறாது. தனியே ஒரு துண்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று அன்றுதான் படித்தேன்.

“இந்த மருந்து இவருக்குப் பிடிக்கும் என்று ஏற்றமுன்னரே சொல்ல முடியாதா?” என்று வைத்தியரிடம் கேட்டேன். “உலகம் முழுக்க அதைத்தான் தேடுகினம்” என்றார்.

ஜெம்சிற்றபின் என்ற மருந்து புற்றுநோய்க் கலத்துக்குள் போக ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் ஒரு புரதம். வாசல் அதிகம் உள்ளவர்களுக்கு மருந்து கூடப் பலன் தரும் என்று எண்ணினார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படித் தெரியவில்லை. 2014இல் வெளியான இன்னொன்றில் தெரிந்தது. புரதத்தைக் கண்டறிய இரண்டு ஆய்விலும் பயன்படுத்திய பொருள் வேறு வேறு.

உறுதியான குறிகாட்டி ஒன்று உண்டு. அது பீ.ஆர்.சீ.ஏ. என்ற பரம்பரையலகுகளில் பிறப்பிலேயே வரும் பழுது. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் இதுதான். இந்தப் பழுது உள்ளவர்களுக்குப் பிளாற்றினம் சேர்ந்த மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. 2019இல் வெளியான ஆய்வில், 3,315 நோயாளரைப் பரிசோதித்து, இப்பழுது உள்ள 154 பேரைச் சேர்த்தார்கள். ஒலாபரிப் குளிசை எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் நின்ற காலத்தின் இடையம் 7.4 மாதம், வெறுங்குளிசை எடுத்தவர்களுக்கு 3.8 மாதம். ஆயுள் கூடியதாகக் காட்டப்படவில்லை.

இவற்றுள் ஒரு பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று 1990இல் காட்டியவர் மேரி கிளெயர் கிங் என்ற அமெரிக்கப் பெண். ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சியின்போது பறிகொடுத்த பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாருக்கு, இரத்த உறவை நிரூபித்துக் கொடுக்க உதவியவரும் அவர்தான். அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

“உங்கட குடும்பத்தில ஆருக்கும் மார்பிலயோ சூலகத்திலயோ புற்றுநோய் வந்ததோ?” என்று வைத்தியர் கேட்டார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெரியம்மா 1996இல் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் செத்தார். வயிற்றில் கட்டி என்றார்கள். சின்னம்மாவுக்கு மார்பில் புண் இருந்தது. துணியால் மறைத்துக்கொண்டே திரிந்தார். 2008இல் மோசம் போனார். கிளினிக் கொப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“தெரியாது டொக்டர்” என்றார் அக்கா.

பரம்பரையலகுப் பரிசோதனைக்குக் காசு சேர்க்கமுன் அக்கா போய்விட்டார். நோய் கண்டுபிடித்துப் பதினொரு மாதம் இருந்தார்.

அக்காவின் துண்டுகளை ஒரு கொப்பியில் திகதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரியம்மா, சின்னம்மா, அக்கா மூவரின் பெயரும், எனக்குத் தெரிந்த வருத்தமும், வயதும் எழுதியிருக்கிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதினேன். அக்காவின் மகளுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். மார்பில் புண் என்று சொல்ல வெட்கப்படுவார்கள். நீங்கள் கேட்க வெட்கப்படாதீர்கள். நாளைக்கு உங்கள் மகளிடம் ஒரு வைத்தியர் இதே கேள்வியைக் கேட்கக்கூடும்.