ஒரே ஆள், ஒரே முகம்: கிறிஸ்து ஐகானின் கைத்தொழில்

கிறிஸ்துவின் ஐகானை வரையப் பழகும் ஒருவர் முதலில் உணர வேண்டியது, இறைத்தன்மையை வரைவது அவருடைய வேலையன்று என்பதே. ஐகான் என்பது கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் வழிபாட்டுக்கென்று நெறிப்படி தீட்டப்படும் திருவோவியம். பெரும்பாலும் மரப்பலகையில் அமையும் அவ்வோவியம், இயேசு கிறிஸ்துவைக் கடவுளின் மகனாகவும் அனைத்துக்கும் ஆண்டவராகவும் அறிக்கையிடுகிறது. ஆயினும் அந்த அறிக்கையை முகத்தில் ஏற்றும் பேரழகாலோ உடலைச் சுற்றிப் பரப்பும் சுடராலோ நிறைவேற்றிவிட முடியாது. அழகை மிகுத்தால் சிறந்த மனிதர் ஒருவரின் படம் கிடைக்கும். சுடரை மிகுத்தால் மனித உடலே கரைந்துபோகும். இவ்விரு வழிகளையும் அடைத்து, எஞ்சியிருக்கும் குறுகிய வழியில் ஓவியரின் கையை நடத்துவதற்கே இக்கைத்தொழிலின் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன.

அடைக்கப்பட்ட அவ்விரு வழிகளும் திருச்சபை தன் தொடக்க நூற்றாண்டுகளில் மறுத்த இரு கொள்கைகளோடு ஒத்துப்போகின்றன. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்று சொன்ன தோற்றவாதம் ஒன்று. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸின் போதனை மற்றொன்று. ஆரியுஸ் கிறிஸ்துவின் மேன்மையை மறுத்தவர் அல்லர். படைப்புகள் அனைத்திலும் மகன் மேலானவர், எனினும் படைக்கப்பட்டவரே என்பதுதான் அவர் கூறியது. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் இதை விலக்கி, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர், அதாவது தந்தை எப்படிக் கடவுளோ அப்படியே மகனும் கடவுள், என்று வரையறுத்தது. அன்றுமுதல் கிறிஸ்துவின் மேன்மை, படிவரிசையொன்றின் உச்சிப்படியில் அமர்ந்திருப்பவரின் மேன்மையாக எண்ணப்படவில்லை. படிகள் அனைத்தையும் படைத்தவரின் மேன்மையாகவே அது அறிக்கையிடப்பட்டது. 451இல் கல்செதோன் பொதுச்சங்கம், அவர் முழுமையான கடவுளும் முழுமையான மனிதருமாக இரு இயல்புகளை உடைய ஒரே ஆள் என்று மேலும் தெளிவுபடுத்தியது. இங்கு இயல்பு என்பது ஒருவர் என்னவாக இருக்கிறார் என்ற கேள்விக்குரிய விடை. ஆள் என்பது அவர் யார் என்ற கேள்விக்குரிய விடை.

இந்த வேறுபாடு ஓவியரின் மேசைவரை வந்து சேர்ந்தது 8ஆம் நூற்றாண்டில்தான். பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவங்களைத் தடைசெய்த காலத்தில், பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754இல் ஹியரியாவில் கூட்டிய சங்கம் ஓவியர்களை நோக்கி ஓர் இக்கட்டான கேள்வியை எழுப்பியது. கிறிஸ்துவை வரைகிறவர் அவருடைய மனித இயல்பை மட்டும் வரைகிறார் என்றால், ஒருவரை இரண்டாகப் பிரிக்கிறார். இரு இயல்புகளையும் சேர்த்தே வரைகிறார் என்றால், எல்லையற்ற இறைமையைக் கோட்டுக்குள் அடைத்து மனிதத்தோடு கலக்கிறார். எனவே எப்படி வரைந்தாலும் அது தவறே என்பது அந்த வாதம். நிசேயாவின் இறைக்கொள்கையையும் கல்செதோனின் வரையறையையும் ஏற்றுக்கொண்டே எழுப்பப்பட்ட கேள்வி என்பதால், அதை எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை.

இதற்கான விடையைத் துல்லியமாக வகுத்தவர் கான்ஸ்டாண்டிநோபிளின் ஸ்டூடியோஸ் மடத்துத் தலைவர் தியோடோர் (759–826). எந்த ஓவியமும் இயல்பை வரைவதில்லை, ஆளையே வரைகிறது என்றார் அவர். ஒருவரின் படத்தைப் பார்ப்பவர் அதில் மனித இயல்பு என்ற பொதுமையைக் காண்பதில்லை. இன்னார் என்றே அடையாளம் காண்கிறார். மகனாகிய கடவுள் உண்மையிலேயே மனிதரானார் என்றால், அவருக்கென்று ஒரு முகம் இருந்தது. அந்த முகம் யாருடையதோ அவர் கடவுள். தியோடோருக்கு முன்பே, எருசலேமுக்கு அருகிலுள்ள மார் சபா மடத்துத் துறவியாக அறியப்படும் தமாஸ்கு யோவான், உருவமற்ற கடவுளை வரைய முடியாது, மனிதரான கடவுளை வரையலாம் என்று வாதிட்டிருந்தார். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களை ஏற்றது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது என்றும், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்படுபவரையே சென்றடைகிறது என்றும் வகுத்தது. இடையில் மீண்டும் தலைதூக்கிய தடை 843இல் நீங்கியது. இதே தருக்கத்தின் மறுபக்கமாக, மனித உரு எடுக்காத தந்தையாம் கடவுளை முதியவராக வரையும் வழக்கத்தை 1667இல் மாஸ்கோவில் கூடிய சங்கம் விலக்கியது.

ஆகவே ஓவியரின் பணி, இறைமைக்கு உரு கொடுப்பது என்பதிலிருந்து, ஓர் ஆளை மயக்கமின்றி அடையாளம் காட்டுவது என்பதற்கு மாறியது. பட்டறையின் வேலை வரிசை இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. நன்கு உலர்ந்த பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் வச்சிரமும் சீமைச்சுண்ணாம்புத் தூளும் கலந்த கலவையை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இட்டு, தந்தம்போல் வழவழப்பாகும்வரை தேய்க்கிறார்கள். கோட்டோவியம் பலகைக்கு மாற்றப்பட்டதும், நிறம் தொடப்படுவதற்கு முன்பாகவே, ஒளிவட்டத்திலும் பின்புலத்திலும் பொன் ஏறுகிறது. வழவழப்பான செம்மண் பூச்சின்மேல் வாயால் ஊதி, அந்த மூச்சின் ஈரம் உலர்வதற்குள் தங்க ரேக்கைப் படியவைத்து, பின்னர் அகேட் கல்லால் மெருகேற்றுவது ஒரு முறை. பொன் முதலில் வருவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: நிறத்தின்மேல் ரேக்கு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும். ஆனால் அதன் விளைவு நடைமுறையைக் கடந்தது. உருவம் இன்னும் பிறவாத பலகையில் ஒளி முன்பே இருக்கிறது. வரையப்படும் முகம் அதற்குள் வந்து நிற்கிறது. அப்பொன்னுக்கு வானத்தின் நீலமோ மாலையின் செம்மையோ இல்லை என்பதால், அது எந்த நேரத்தையும் எந்த ஊரையும் காட்டுவதில்லை.

முகத்தை வரையும் முறை மேற்கத்திய எண்ணெய் ஓவியத்துக்கு ஏறத்தாழ எதிரானது. மஞ்சள் கருவை அதன் சவ்விலிருந்து பிரித்து, நீரோ திராட்சை ரசமோ காடியோ சேர்த்து, நிறத்தூளுடன் குழைக்கிறார்கள். கரு மிகுந்தால் நிறம் பளபளத்துப் பின்னர் வெடிக்கும், குறைந்தால் விரல் பட்டதும் பொடியாக உதிரும். முகம் முழுவதும் முதலில் இருண்ட ஆலிவ் பச்சையால் மூடப்படுகிறது. அதன்மேல் காவி நிறங்கள் ஒன்றைவிட ஒன்று வெளிறியவையாகவும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிய பரப்பிலும் அடுக்கப்படுகின்றன. கண்ணோரத்திலும் மூக்கின் மேட்டிலும் நெற்றியிலும் இடப்படும் சில வெண்கீற்றுகளோடு வேலை முடிகிறது. எங்கோ ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்துக்கு இம்முறையில் இடமில்லை, விழுநிழலும் இல்லை. ஒளி உள்ளிருந்து எழுவதாகத் தோன்றுவது இவ்வடுக்குகளின் விளைவே. 14ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் கிரகோரி பலாமாஸ், தாபோர் மலையில் உருமாறிய கிறிஸ்துவிடம் சீடர்கள் கண்ட ஒளி படைக்கப்படாத இறையொளி என்று நிறுவியபோது, ஓவியர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்த முறைக்கு இறையியல் மொழி ஒன்று கிடைத்தது எனலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பயிற்சி இல்லாத கை தவறுகிறது. வெண்கீற்று ஒன்று கூடினால் முகம் கடுகடுக்கிறது. இதழோரம் சற்றே உயர்ந்தால் கனிவு கொஞ்சலாக மாறுகிறது. தெய்வீகம் என்று தாம் கருதுவதை முகபாவத்தின் வழியே சொல்ல முயலும் ஓவியர், பார்ப்பவருக்குக் கிறிஸ்துவைத் தராமல் தம்முடைய பக்தியுணர்வைத் தந்துவிடுகிறார். ரஷ்யப் பட்டறைகளில் ஆடை, மலை, கட்டடம் ஆகியவற்றை ஒருவரும், முகத்தையும் கைகளையும் மற்றொரு தேர்ந்தவரும் வரையும் வேலைப்பிரிவு இருந்ததற்கு இதுவும் காரணமாகலாம். 1551இல் மாஸ்கோவில் கூடிய நூறு அதிகாரச் சங்கம், பழைய கிரேக்க ஓவியர்களையும் ரஷ்ய ஓவியர் அந்திரேய் ருப்லேவையும் பின்பற்றி வரையுமாறும், ஓவியர்கள் தம் சொந்தக் கற்பனையைச் சேர்க்கக் கூடாதென்றும் பணித்தது. 17ஆம் நூற்றாண்டில் சீமோன் உஷகோவ் போன்ற ஓவியர்கள் சதைத்திரட்சியும் மென்னிழலும் கொண்ட முகங்களை வரையத் தொடங்கியபோது, பழைய முறையைக் காத்து நின்ற குரு அவ்வாக்கும் அவ்வகைப் படங்களைக் கொழுத்த மனிதரின் படங்கள் என்று சாடினார். அவருடைய சொற்கள் கடுமையானவை என்றாலும், அவர் தொட்ட சிக்கல் உண்மையானது: மனித இயல்பைக் காட்டும் திறமை மிகுந்துபோனால், இவர் யார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இக்கைத்தொழிலின் அளவுகோலாக இன்றும் எடுத்துக்கொள்ளப்படுவது, எகிப்தின் சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீனா மடத்தின் கிறிஸ்து ஐகான். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, முட்டைக்கருவுக்குப் பதிலாக உருக்கிய மெழுகில் நிறத்தூளைக் கலந்து வரையப்பட்டது. உருவத் தடைக்காலத்தில் அந்த மடம் பைசாந்திய ஆட்சிக்கு வெளியே இருந்ததால் தப்பியது. அம்முகத்தின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பாதியின் கண் அமைதியாக நோக்க, மறுபாதியில் புருவம் வளைந்து உயர்ந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியே மறைத்துப் பார்த்தால் இருவேறு மனநிலைகள் தெரியும். இது இரு இயல்புகளைக் குறிக்கிறது என்று பலர் விளக்குகிறார்கள். வரைபவரின் கண்ணுக்கு அவ்விளக்கம் பாதி உண்மையாகவே தோன்றும். இறைமைக்கு இடப்பாதி, மனிதத்துக்கு வலப்பாதி என்று பங்கிட்டால், ஹியரியாச் சங்கம் சுட்டிய பிரிவினைக் குற்றத்துக்கே அது இடம்கொடுக்கும். அந்த ஓவியத்தின் உண்மையான சாதனை, அவ்வளவு வேறுபட்ட இரு பாதிகளும் ஒரே நோக்கில் சேர்ந்து, ஒருவரே நம்மைப் பார்க்கிறார் என்று ஐயமின்றி உணரவைப்பதில் இருக்கிறது.

முகம் சொல்லாமல் விட்டதைச் சுற்றியுள்ள குறிகள் சொல்கின்றன. புனிதர்களின் ஒளிவட்டம் வெறும் வட்டம். கிறிஸ்துவின் ஒளிவட்டத்துக்குள் மட்டும் சிலுவை இருக்கும். பிற்கால ஐகான்களில் அச்சிலுவையின் தெரியும் மூன்று கைகளிலும், ‘இருக்கிறவர்’ என்று பொருள்படும் ஹோ ஓன் என்ற கிரேக்கச் சொற்களின் மூன்று எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன. எரியும் முட்செடியிலிருந்து மோசேயிடம் பேசிய கடவுள் தம்மை வெளிப்படுத்திய பெயர், கிரேக்க விவிலியத்தில் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. புனிதர்களைவிடக் கிறிஸ்துவைப் பெரிதாக வரைந்தால் அது அளவின் வேறுபாடாகவே நிற்கும். அந்த அளவை ஆரியுஸும் ஏற்றிருப்பார். சிலுவையும் பெயரும் தாங்கிய ஒளிவட்டமோ வகையின் வேறுபாட்டை அறிவிக்கிறது. ஐகானிலும் வழிபாட்டிலும் வலக்கையின் விரல்கள் அமையும் முறைக்கும் இத்தகைய பொறுப்பு உண்டு. சிலுவை அடையாளம் இடுகையில் இரு விரல்களை நீட்டுவது இரு இயல்புகளைக் குறிப்பதாகக் கொண்ட ரஷ்யரில் ஒரு பகுதியினர், 1650களில் மறைமுதல்வர் நிகோன் மூவிரல் முறையைக் கட்டாயமாக்கியபோது, அதை ஏற்க மறுத்துத் திருச்சபையிலிருந்தே பிரிந்து சென்றார்கள்.

கோயிலின் அமைப்பில் இந்த மேன்மை கட்டடத்தின் மொழியில் பேசுகிறது. பான்டோக்ராட்டர், அதாவது அனைத்தையும் ஆள்பவர், எனப்படும் மார்பளவுக் கிறிஸ்து உருவம் பைசாந்தியக் கோயில்களில் நடுக் குவிமாடத்தின் உச்சியில் அமைகிறது. அதற்குக் கீழே இறைவாக்கினரும், அதற்கும் கீழே நற்செய்தி நிகழ்ச்சிகளும், மக்கள் நிற்கும் தளத்தின் அருகே புனிதர்களும் வரிசைப்படுகின்றனர். ஏதென்சுக்கு அருகிலுள்ள டாஃப்னி மடத்தில், ஏறத்தாழ 1100இல் உருவான மொசைக் இதற்குப் புகழ்பெற்ற சான்று. குவிமாடம் இல்லாத சிசிலியின் செஃபாலூ பேராலயத்தில், 1148இல் நிறைவடைந்த மொசைக்கில், அதே உருவம் பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்டக் கூரையில் இடம்பெற்றது. வளைந்த பரப்பில் வேலை செய்பவர், கீழிருந்து பார்ப்பவருக்கு முகம் சிதையாமல் தெரியும்படி விகிதங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. எட்டாத உயரத்தில் இருந்தும் நேராகப் பார்க்கும் முகம் ஒன்று வேண்டும் என்ற இறையியல் தேவை, அங்கு வடிவக் கணக்காக அவர் கைக்கு வருகிறது.

எல்லாம் முடிந்த பின்பும் ஒரு செயல் எஞ்சுகிறது. இயேசு கிறிஸ்து என்பதன் கிரேக்கச் சுருக்கெழுத்துகள் முகத்தின் இருபுறமும் எழுதப்பட வேண்டும். சிலைக்குக் கண் திறக்கும் சிற்பியின் சடங்கை அறிந்த தமிழ் வாசகர், ஐகானில் அவ்விடத்தைப் பெயர் எழுதுதல் பெறுவதாகக் கொள்ளலாம். ஐகானைப் புனிதப்படுத்தத் தனி மன்றாட்டு இல்லையே என்று உருவ எதிர்ப்பாளர் குறைகூறியபோது, அதில் எழுதப்படும் பெயரே போதுமானது என்ற விடை 787இல் தரப்பட்டது. வடிவ ஒப்புமை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், இன்னார் என்று சொல்லும் பெயர் இல்லாமல் அது வழிபாட்டுக்கு உரியதாவதில்லை. ஓவியர் தம் பெயரை இடுவது பழைய மரபில் அரிது. பிற்காலக் கிரேக்க ஓவியர்கள் இட்டபோதும், இன்னாருடைய கையால் என்று மட்டுமே குறித்தார்கள்.

மேற்கத்திய முறை மேலோங்கிய காலத்துக்குப் பின், 20ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஃபோட்டிஸ் கோன்டோக்லுவும் (1895–1965), பாரிசில் லியோனிட் உஸ்பென்ஸ்கியும் (1902–1987) பழைய முறையை மீட்டார்கள். அவர்கள் மீட்டதில் முட்டைக்கருவும் காவி அடுக்குகளும் மட்டுமன்றி, அவற்றின் பின்னுள்ள தன்னடக்கமும் அடங்கும். கிறிஸ்துவின் இறைமையை எந்தப் பலகையும் நிரூபிப்பதில்லை. அது நம்பிக்கையின் அறிக்கை என்பதை ஐகான் ஓவியர் பிறரைவிட நன்கு அறிவார், ஏனெனில் அதைத் தூரிகையால் காட்ட முடியாது என்பது அவருடைய அன்றாட அனுபவம். ஆகவே முடிந்த வேலையைச் சோதிக்கும் தேர்ந்த கண், அது தெய்வீகமாகத் தோன்றுகிறதா என்று பார்ப்பதில்லை. முகம் மனித முகமாகவே இருக்கிறதா, ஒளிவட்டத்தின் சிலுவையும் எழுத்துகளும் பிழையின்றி அமைந்துள்ளனவா, பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. இவை சரியாக இருந்தால், நிசேயாவும் கல்செதோனும் சொன்னதை அப்பலகையும் சொல்லிவிடும். அதற்குமேல் ஓவியர் சேர்க்கும் எதுவும் அந்த அறிக்கையைக் குறைக்கவே செய்யும்.