கைடு ஒருவர், சூப்பர்வைசர் ஒருவர்

அடையாறில் நான் உளவியல் ஆலோசனை அறை வைத்திருப்பதால், எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் டாக்டர் பட்டம் பற்றி விசாரிக்க வருவார்கள். “எந்த யூனிவர்சிட்டிக்கு நல்ல பேரு மேடம்?” என்பார்கள். “உன் கேஸை உட்கார்ந்து கேட்கப்போவது யாரும்மா?” என்பேன் நான்.

பிரிட்டனில் கவுன்சலிங் சைக்காலஜிக்கென்றே தொழில்முறை முனைவர் பட்டம் உண்டு. மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. குறைந்தது 450 மணி நேரம் மேற்பார்வையில் ஆட்களைப் பார்த்தாக வேண்டும். இங்கே நமக்கு இருப்பது பிஎச்.டி. அது ஆராய்ச்சிப் பட்டம். யூ.ஜி.சி.யின் 2022 விதிகள் 12 கிரெடிட் வகுப்பு கேட்கின்றன. ஆலோசனை மணி நேரம் கேட்பதில்லை. பிஎச்.டி. வாங்கிவிட்டால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளலாம் என நம்பும் பெற்றோர் உண்டு. முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பு வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் சைக்காலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கேயோ வேறெங்கேயோ, விண்ணப்பிக்கும் முன் கைடிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் எடுத்துப் படிக்கச் சொல்வேன். எல்லாமே கல்லூரி மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் கூட்டியவை என்றால், அறைக்குள் நடப்பதை எழுத அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். கைடுக்கு ஓய்வுபெற எத்தனை வருடம் என்றும் விசாரிக்கலாம், தப்பில்லை. மூன்றாண்டுக்குக் குறைவென்றால் அவர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்பதும் விதிதான்.

கைடு ஆய்வேட்டைப் பார்ப்பார். கேஸைப் பார்க்க சூப்பர்வைசர் வேண்டும். ஒரு பெண் அழுதாள், தண்ணீர் கொடுத்தேன் என்று சொன்னால், “ஏன் அந்த நிமிஷத்தில் கொடுத்தாய்?” என்று கேட்கிறவர். அவள் அழுகையைத் தாங்க முடியாமல் நீட்டினோமா, அவளுக்குத் தொண்டை வறண்டதா என்று யோசித்தே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். அடுத்த முறை தம்ளர் மேஜையிலேயே இருக்கும், கை போகாது. இந்தப் பழக்கம் ஆய்வேட்டில் வராது.

இந்திரா நகரில் இருக்கும், சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்புக்கு. 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்புக்கு. இப்படி ஆட்களோடு வேலை நடக்கிற இடங்களில் பழகியவர்களிடையே சூப்பர்வைசரைத் தேடு. பிஎச்.டி.க்குப் பதிவு செய்கிற மாதமே பேசி முடித்துவிடு. அவருக்குக் கொடுக்கும் ஃபீஸையும் படிப்புச் செலவில் சேர்த்தே வீட்டில் கணக்குச் சொல்.