அறுத்த குழல்

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கிராமமொன்றில், நண்பரின் தாத்தா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தேன். வாய்வழியே மருந்து கெட்டிக்கிற ரகம். குழலின் நுனியில் ஒரு சாண் எப்போதோ அறுக்கப்பட்டிருந்தது. அதோடு குறிபார்க்கும் முள்ளும் போயிருக்க வேண்டும். வேறோர் இரும்பு முள்ளைப் பற்றவைத்திருந்தார்கள்.

முன் முள்ளுக்கும் பின் பிளவுக்கும் உள்ள தூரம் குறையக் குறைய, கண்ணின் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகிவிடுகிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, உரிமமின்றிக் குழலைக் குறுக்கக்கூடாது.

கவிதையைக் குறுக்க உரிமம் வேண்டாம். இதே நண்பரின் கவிதையொன்றில் பதினோரு வரிகளை வெட்டினேன். இறுக்கம் வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை, பிறகு எழுதவுமில்லை.

குழலை அறுத்தவன் முள்ளையும் வைத்துக் கொடுத்திருக்கிறான். நான் அறுத்ததோடு சரி.